டெஸ்ட் என்று ஒரு தரவுத்தளம்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "நோட்டீசில் என்ன தலைப்பு போடட்டும் சார்?" என்று கேட்டார். "கிளவுட் கிளஸ்டரில் தரவுத்தள நிர்வாகம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, "போன மாசம் பட்டிமன்றம் வச்சோம் சார். அதுக்கே இருபது பேர்தான் வந்தாங்க" என்றார். அவர் பயந்தது வீண். இருபத்தாறு பேர் இருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன். எண்ணிப் பார்ப்பது என் தொழில் வியாதி.

ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து காலை பதினொரு மணிக்கு என்னை அழைத்தார்கள். மளிகைக் கடைகளுக்கு ஆர்டர் எடுத்து, பில் போட்டுக் கொடுக்கும் செயலி அவர்களுடையது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பையனிடம், "மாசாமாசம் கிளவுட் பில் ஏறிக்கிட்டே போவுது, வேண்டாதது எதுன்னு பார்த்து எடுத்துடு" என்று சொல்லியிருக்கிறார்கள். பையன் பட்டியலைத் திறந்தான். நான்கு தரவுத்தளங்கள். மூன்றுக்கு ஒழுங்கான பெயர். நான்காவதன் பெயர் 'டெஸ்ட்'. இருப்பதிலேயே பெரியதும் அதுதான். சோதனைக்கு வைத்த சாமான் இவ்வளவு இடத்தை அடைக்கிறதே என்று நினைத்தான். நியாயமான நினைப்பு. அழி என்றான். எதை அழிக்கிறாயோ அதன் பெயரைத் தட்டச்சு செய் என்று திரை கேட்டது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. அடித்தான்.

பத்து நிமிஷத்தில் முதல் போன் வந்தது. "செயலி வேலை செய்யலை" என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கடைக்காரர் கேட்டாராம்: "என்னங்க, என் பில் நம்பர் திரும்ப ஒண்ணுலேருந்து வருது?"

இந்த ஒரு கேள்விக்குள் இன்றைக்கு நான் பேச வந்தது பாதி அடங்கிவிட்டது. பிரித்துச் சொல்கிறேன்.

அவர்கள் வைத்திருந்தது மாங்கோடிபி அட்லஸ். மாங்கோடிபி என்பது ஆவணத் தரவுத்தளம். கட்டம் போட்ட பேரேடு மாதிரி இல்லாமல், ஒவ்வொரு பதிவும் ஒரு தனித் தாள். ஒரு பில் என்றால் கடை பெயர், தேதி, வாங்கிய சாமான்களின் பட்டியல் எல்லாம் அந்த ஒரே தாளில். தாள்களை வைக்கும் கோப்புக்கு கலெக்ஷன் என்று பெயர். பல கோப்புகள் சேர்ந்தது ஒரு தரவுத்தளம். 2007இல் நியூயார்க்கில் டென்ஜென் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டுவைட் மெரிமனும், அதன் தலைமை நிர்வாகியாக இருந்த கெவின் ரயனும், அங்கே வேலை பார்த்த எலியட் ஹோரோவிட்ஸும் சேர்ந்து தொடங்கினார்கள். மாங்கோடிபி 2009இல் வெளியானது. பூதாகாரமான என்று பொருள்படும் ஹியூமங்கஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து கிள்ளி எடுத்தது அந்தப் பெயர். நம் ஊரில் பலர் மாம்பழம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016 ஜூனில் அட்லஸ் வந்தது. சர்வர் வாங்கி, மென்பொருளை நிறுவி, ராத்திரி கண்விழித்துக் காவல் காக்கும் வேலையை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வாடகை கொடுத்தால் போதும் என்பதுதான் அட்லஸ். முதலில் அமேசானின் இயந்திரங்களில் மட்டும் ஓடியது. அடுத்த வருஷம் மைக்ரோசாப்ட் அஸூரிலும் கூகுள் கிளவுடிலும் ஓடத் தொடங்கியது.

வரலாறு போதும். பில் நம்பருக்கு வருவோம்.

மாங்கோடிபியில் தரவுத்தளத்தை யாரும் உருவாக்க வேண்டியதில்லை. இல்லாத ஒரு பெயரைச் சொல்லி, அதில் இந்தத் தாளை வை என்று கட்டளையிட்டால், அந்த நொடியே தரவுத்தளமும் கலெக்ஷனும் பிறந்துவிடும். இப்படி ஒன்று இல்லையே என்று அது கேட்காது. ஷெல் என்ற கட்டளைத் திரையில் இருந்தபடி இல்லாத தரவுத்தளத்துக்கு மாறு என்றாலும் மாறிவிட்டேன் என்றுதான் பதில் வரும். முதல் தாளை எழுதும்வரை அது பட்டியலில்கூட வராது. எழுதியதும் வந்துவிடும்.

இன்னொன்று. நிரலை அட்லஸோடு இணைக்கும் முகவரியில் தரவுத்தளத்தின் பெயரையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் தவறு என்று சொல்லாது. பெயர் இல்லையா, சரி, டெஸ்ட் என்று வைத்துக்கொள்கிறேன் என்று போய்விடும். ஷெல்லுக்கும் அதே பழக்கம். நோட் ஜேஎஸில் நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் மங்கூஸ் என்ற மென்பொருளுக்கும் அதே பழக்கம். அந்த நிறுவனத்தில் முதல் நாள் நிரல் எழுதியவர் பெயரை எழுத மறந்திருக்கிறார். எல்லாம் வேலை செய்தது. வேலை செய்வதை யார் திறந்து பார்ப்பார்கள்? இரண்டு வருஷத்து வியாபாரம் முழுக்க டெஸ்டுக்குள் போய் உட்கார்ந்தது.

அதைப் பையன் அழித்தான். செயலியோ எதுவும் நடக்காததுபோல எழுதிக்கொண்டே இருந்தது. எழுதியதால் டெஸ்ட் மறுபடியும் பிறந்தது. பழைய பில் எண்ணைக் காணோம், சரி ஒன்று என்று எண்ணத் தொடங்கியது. செத்ததும் தெரியவில்லை, பிறந்ததும் தெரியவில்லை. ஏற்கெனவே செயலிக்குள் இருந்த கடைகளில் பில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால்கூட பத்து நிமிஷம் மிச்சமாகியிருக்கும்.

பையனை வேலையை விட்டு எடுத்தார்களா என்று முன்வரிசையில் அம்மா கேட்கிறார். இல்லை அம்மா. முதலாளி நல்லவர், அதோடு பெயர் எழுத மறந்தவரும் அவர்தான்.

இதில் நம் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தரவுத்தளப் பெயரைப் பொதுவாக ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறோம். நூலகம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லி இங்கே இருபத்தாறு பேரிடம் தாள் கொடுத்தால் குறைந்தது நாலு விதமாக வரும். ஒருவர் இரண்டு ஓ போடுவார், ஒருவர் யூ. நடுவில் ஒருவருக்கு ஜி, இன்னொருவருக்கு கே. அலுவலகத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் இரண்டு நூலகம் பிறக்கும். உறுப்பினர்களில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வித்தியாசம் மட்டும் இருந்தால் மாங்கோடிபி கண்டுபிடித்துத் தடுத்துவிடும். ஆனால் அந்த விழிப்பும் தரவுத்தளத்தின் பெயருக்குத்தான். உள்ளே இருக்கும் கலெக்ஷன் பெயரில் ஓர் எழுத்து பெரிதானாலும் புதிதாக ஒன்று பிறக்கும்.

சரி, தப்பாக வைத்த பெயரை மாற்றிவிடலாமே? தரவுத்தளத்தின் பெயரை மாற்றும் கட்டளை மாங்கோடிபியில் கிடையாது. முழுவதையும் வெளியே எடுத்து, வேறு பெயரில் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்குள் புதிதாக வருவது எங்கே போகும் என்று பார்த்து, செயலியைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். நம் பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து தப்பானால் படும் பாடுதான்.

பெயர் மட்டும் இல்லை, பிறக்கும்போதே சொல்ல வேண்டியவை வேறு சிலவும் உண்டு. ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன், ஏனென்றால் தமிழில் வேலை செய்கிறவர்கள் இதில் தொடர்ந்து அடிபடுகிறார்கள்.

அகர வரிசை. க, ங, ச, ஞ என்று தொடங்கி ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிப்பது நம் வழக்கம். கணினிக்கான யூனிகோட் தரத்தில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்கள் இந்த வரிசையில் இல்லை. அங்கே ந முடிந்ததும் ன. ர முடிந்ததும் ற. பிறகு ல, ள, ழ, கடைசியில் வ. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மாங்கோடிபி அந்த எண்களைப் பார்த்துத்தான் அடுக்கும். கழனி முதலில் வரும், கவிதா பின்னால் வருவார். கனி முன்னே, கபிலன் பின்னே. நூலகப் பட்டியலை அப்படி அச்சடித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. 3.4 பதிப்பு முதல் கொலேஷன் என்ற வசதி வந்தது. எந்த மொழியின் வரிசைப்படி ஒப்பிட வேண்டும் என்று சொல்லலாம். தமிழும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சொன்னால் கவிதா தன் இடத்துக்கு வந்துவிடுவார். ஆனால் ஒரு கலெக்ஷனுக்கு இதுதான் இயல்பான வரிசை என்று அதை உருவாக்கும்போது மட்டுமே சொல்ல முடியும். பின்னால் மாற்ற முடியாது. தானாகப் பிறந்த கலெக்ஷனிடம் யார் போய்ச் சொல்வது? அதற்குப் பிறகு ஒவ்வொரு தேடலிலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் என்ற அட்டவணையும் அதே வரிசையில் கட்டியதாக இருந்தால்தான் உதவும். இல்லாவிட்டால் ஒரு பெயரைத் தேட மொத்தக் கலெக்ஷனையும் புரட்டும். அட்லஸில் இருப்பவர்கள் உடனே பெரிய இயந்திரத்துக்கு மாறி வாடகையைக் கூட்டிக்கொள்வார்கள். பெரிய இயந்திரம் வேகமாகப் புரட்டும், அவ்வளவுதான்.

கொலேஷனாலும் தீராத ஒன்று: கௌரி. ஔகாரக் குறியீட்டைப் போட்டு எழுதும் கௌரி ஒருத்தி. எகரக் கொம்பு போட்டு, ககரம் போட்டு, பக்கத்தில் ளகரத்தைப் போட்டு எழுதும் கெளரி இன்னொருத்தி. திரையில் இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். கணினிக்கு இரண்டு வேறு பெண்கள். தட்டச்சு செய்கிறவர்களில் பலர் இரண்டாவது விதமாகத்தான் அடிக்கிறார்கள். ஓய்வூதியப் பட்டியல் ஒன்றில் இப்படி ஓர் அம்மாவை அரை நாள் தேடியிருக்கிறேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்கும் இடத்திலேயே திருத்தி வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஒரு தாளில் எவ்வளவு எழுதலாம் என்று கேட்பீர்கள். 16 எம்பி வரை. ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் பிடிக்கும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினாலும் 55 லட்சம் குறியீடுகளுக்கு இடம் உண்டு. தாராளம். ஆனால் டீக்கடை பற்று நோட்டு மாதிரி, ஒரே வாடிக்கையாளரின் தாளில் தினமும் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். எல்லை நெருங்கும் முன்பே அது கனத்துப்போகும். அளவோடு நிற்பதை உள்ளே வையுங்கள், வளர்ந்துகொண்டே போவதைத் தனித் தாளாக்குங்கள். இதற்கு மேல் இன்றைக்கு வேண்டாம்.

இப்போது கிளஸ்டர். அட்லஸில் வாடகைக்குக் கொடுக்கும்போது குறைந்தது மூன்று இயந்திரங்கள் கொடுப்பார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கிளஸ்டர். மூன்றிலும் ஒரே தரவு. ஒன்று முதன்மை, எழுதுவது எல்லாம் அதன் வழியாகத்தான். அது எழுதிய ஒவ்வொன்றையும் ஆப்லாக் என்ற குறிப்பேட்டில் பதியும். மற்ற இரண்டும் அதைப் பார்த்து அப்படியே செய்யும். 2 நொடிக்கு ஒரு முறை ஒன்றையொன்று 'இருக்கியா?' என்று கேட்டுக்கொள்ளும். முதன்மையிடமிருந்து 10 நொடி பதில் இல்லை என்றால் மற்றவை தேர்தல் நடத்தி, புது முதன்மையைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு ஓட்டு போதும். டெபாசிட் கட்ட வேண்டியதில்லை. நள்ளிரவில் ஓர் இயந்திரம் செத்தால் நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம். அருமையான ஏற்பாடு, மனசாரச் சொல்கிறேன். பழைய நாட்களில் இதற்காக நான் ரயிலேறிப் போயிருக்கிறேன்.

ஆனால் முதலாளி அன்றைக்கு என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: "மூணு காப்பி இருக்குன்னு சொன்னாங்களே சார், ஒண்ணுல அழிச்சா மத்த ரெண்டுல இருக்குமே?"

இருக்காது. அழி என்ற கட்டளையும் ஆப்லாக்கில் பதியும். மற்ற இரண்டும் அதையும் உண்மையாக, உடனே செய்து முடிக்கும். இயந்திரம் செத்தால் காப்பாற்றத்தான் அந்த மூன்று. மனிதர் செய்யும் தவறை அவை மூன்று மடங்காக்கும். அதற்கு வேண்டியது வேறொரு நேரத்தில் எடுத்து, வேறொரு இடத்தில் வைத்த பேக்கப். அட்லஸில் வாடகை இல்லாத கிளஸ்டர் ஒன்று தருகிறார்கள், 512 எம்பி இடத்தோடு. மாணவர்கள் பழகுவதற்கு நல்லது. அதில் பேக்கப் கிடையாது. அதை வைத்தே வியாபாரம் நடத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேக்கப் இருக்கிறது என்பதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடையது போஸ்ட்கிரெஸ், வேறு வகைத் தரவுத்தளம். பொறியாளர் ஒருவர் இரண்டாம் நிலை இயந்திரத்தில் இருப்பதாக நினைத்து முதன்மையில் இருந்த கோப்புறையை அழித்துவிட்டார். ஒன்றிரண்டு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனார்கள். தினமும் பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்கும்போது மின்னஞ்சல் அனுப்பத்தான் செய்தது. அந்த மின்னஞ்சல்களைச் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து முழு நகல்தான், கடைசியில் காப்பாற்றியது. திரும்ப ஏற்றும் வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை.

வேறொரு இடம் என்று சொன்னேன் இல்லையா? கிளவுட் என்றால் வானத்தில் இருப்பதாக நினைப்பு. 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. வாடிக்கையாளர் சிலருடைய தரவும் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தன. எந்த கிளவுடும் ஏதோ ஓர் ஊரில், மின்சாரமும் ஏசியும் உள்ள கட்டடம்தான். பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் கடைசியில் விக்டர் கெவர்ஸ் என்ற டச்சுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். இணையத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபி ஒன்றில் தரவு முழுவதும் காணோம். எச்சரிக்கை என்ற பெயரில் ஒரே ஒரு கலெக்ஷன். உள்ளே ஒரு சீட்டு: 0.2 பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருகிறோம். ஜனவரியில் அது பல்லாயிரம் தரவுத்தளங்களுக்குப் பரவியது. பணம் கொடுத்தும் பலருக்குத் திரும்பவில்லை. பல இடங்களில் திருடர்கள் தரவை எடுத்துக்கொண்டு போகவே இல்லை, அழித்துவிட்டுச் சீட்டை மட்டும் வைத்தார்கள். இதில் பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டே போட்டிருக்கவில்லை. 2017 நவம்பரில் வந்த மாங்கோடிபி 3.6 பதிப்பிலிருந்து, நீங்களாகத் திறந்தால் ஒழிய வெளியிலிருந்து யாரும் இணைக்க முடியாதபடி மாற்றினார்கள்.

அட்லஸில் தொடக்கத்திலேயே எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். எந்த இணைய முகவரியிலிருந்து வரலாம் என்று நீங்கள் பட்டியல் கொடுக்க வேண்டும். கொடுப்பார்களா? வீட்டிலிருந்து இணையவில்லை, ஆபீசிலிருந்து இணையவில்லை என்று சலித்துப்போய், எங்கிருந்தும் வரலாம் என்று நாலு பூஜ்யம் போட்டுவிடுவார்கள். அடுத்து, யாருக்கு என்ன உரிமை? அட்லஸ் திரைக்குள் நுழையும் கணக்கு வேறு, தரவைத் தொடும் கணக்கு வேறு. தரவைத் தொடும் கணக்கை உருவாக்கும்போது, எந்தத் தரவுத்தளத்திலும் படிக்கலாம் எழுதலாம் என்ற உரிமையைக் கொடுப்பது சுலபம். அதனால் எல்லோரும் அதைக் கொடுக்கிறார்கள். அதைக் கொடுத்தால் எழுத்துப் பிழைக்கெல்லாம் ஒரு தரவுத்தளம் பிறக்கும். இந்த ஒரு தரவுத்தளத்தில் மட்டும் படிக்கலாம் எழுதலாம் என்று கொடுத்துப் பாருங்கள். ஜிக்குப் பதில் கே போட்டால் உனக்கு அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடும். அப்படிப்பட்ட கணக்கால் தரவுத்தளத்தை ஒரே அடியாக அழிக்கவும் முடியாது. கலெக்ஷன்களை ஒவ்வொன்றாக அழிக்க முடியும், அதையும் தடுக்க வேண்டுமானால் உரிமைகளை நாமே தேர்ந்து கட்ட வேண்டும்.

பையனுக்கு அன்றைக்குக் கொடுத்திருந்தது எல்லா உரிமையும் உள்ள கணக்கு. முதலாளியின் கணக்கேதான். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். முதலில் செயலியை நிறுத்தினோம். அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்தது, கடவுள் புண்ணியம். அதை அதே கிளஸ்டரில் திருப்பினால் மற்ற மூன்று தரவுத்தளங்களும் சேர்ந்து ராத்திரிக்குப் போய்விடும். அதனால் புதிதாக ஒரு கிளஸ்டர் எடுத்து, அதில் திருப்பி, டெஸ்டை மட்டும் வெளியே எடுத்தோம். புதிதாகப் பிறந்த குட்டி டெஸ்டைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பழையதை ஏற்றினோம். ஒன்றிலிருந்து தொடங்கிய பில்களுக்குப் புது எண் கொடுத்துச் சேர்த்தோம். இரண்டு மணியிலிருந்து அழித்த நேரம் வரை வந்த ஆர்டர்கள் எங்கேயும் இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த இரண்டு பெண்கள், கடைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இருந்த பில் படங்களை வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தார்கள். எனக்குக் கொடுத்த தொகையில் பாதியை அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

போன தீபாவளிக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். பையன் இப்போது அங்கே நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பைத் தனிக் கிளஸ்டரில் திருப்பி, தற்செயலாகப் பத்து பில்லை எடுத்துக் கடைக்காரரிடம் உள்ள பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறானாம். "பெயரை மாற்றினீர்களா?" என்று கேட்டேன். சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலியை நிறுத்தினால் மாற்றிவிடலாம், ஆனால் கடைகளுக்கு ஞாயிறுதான் வியாபாரம் என்றான்.

இன்னும் டெஸ்ட்தான். அவன் மேசைக்கு மேலே சுவரில் மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறது: 'டெஸ்ட் என்பது டெஸ்ட் அல்ல'.